கல்முனைக் கரையோரத்தில் காலநிலையும் சிறுவர் தொற்றுநோய்களும்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் கரையோரத்தில், பிள்ளைகளைத் தாக்கும் தொற்றுநோய்கள் பல மழையின் போக்கிலேயே ஏறி இறங்குகின்றன. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டிவிடுகிறது. பிறகு வெயிலும், ஆண்டின் நடுவே கச்சான் காற்றும். மேற்கே வயலும் சதுப்பும், கிழக்கே கடலும் இருக்க, நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

இத்தொற்றுநோய்களுள் இன்று அதிகம் அஞ்சப்பட வேண்டியது டெங்கு. கொழும்புப் பக்கம் தென்மேல் பருவமழையை ஒட்டி ஆண்டின் நடுவிலும் பெருகும் இந்நோய், கிழக்கில் மாரியோடு தொடங்கி ஆண்டின் முதல் மாதங்களில் உச்சம் தொடுகிறது. நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் நோயுற்ற 2017இலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கிழக்கில் டெங்கு பரவியது. அங்குள்ள கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நோயைப் பரப்பும் ஈடிசு நுளம்பு வயல் வெள்ளத்தில் பெருகுவதில்லை. வளவுக்குள் கிடக்கும் டயர், தயிர்ச்சட்டி, குரும்பைக் கோம்பை, அடைபட்ட பீலி, குளியலறைத் தொட்டி ஆகியவையே அதன் இடம். பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்புள்ளிகளாக முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருந்து, முதல் மழைநீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டிக் கவிழ்ப்பது மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதையும் மாரிக்கு முன்னரே, செப்டெம்பரிலேயே, செய்வதுதான் பயன் தரும். காய்ச்சல் பரவிய பிறகு அடிக்கும் புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும், முட்டையைத் தொடாது. வெப்பமும் நோய்க்குத் துணை நிற்கிறது: நுளம்பின் உடலில் வைரஸ் முற்றுவதற்கு வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு நாள் செல்லும், வெப்பம் ஏறினால் அந்தக் காலம் சுருங்கும்.

பிள்ளைகளுக்கு ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதைவிட, அது விடும்போதே அதிகம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று உம்மா நிம்மதியடையும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வருவது வேறு வழியால். மணல் நிலத்தில் நிலத்தடி நீர் ஆழமின்றி இருக்கிறது. ஒரே வளவில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமையும்போது, மாரியில் நீர்மட்டம் உயர்ந்து கழிவு கிணற்றுக்கு எட்டுகிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கரையோரக் கிணறுகள் உப்பாகின, குடும்பங்கள் முகாம்களில் அடைந்தன, அதுவும் மாரி காலத்தில். அப்படியிருந்தும் பெரும் கொள்ளைநோய் வரவில்லை. பவுசர்களில் வந்த குடிநீர், குளோரின், நோய்க் கண்காணிப்பு, ஏற்கெனவே ஊன்றியிருந்த தடுப்பூசிப் பழக்கம் ஆகியவற்றுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

மழையோடு நோய் வந்தே தீரும் என்பதில்லை. வயல் நீரில் பெருகும் நுளம்பு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், 1980களில் நாட்டின் நெல் விளையும் பகுதிகளில் மாரியை ஒட்டிப் பரவியது. 1988இல் தொடங்கிய தடுப்பூசியால் வெகுவாகக் குறைந்தது. உள்நாட்டு மூலத்திலிருந்து தொற்றிய மலேரியா கடைசியாக 2012இல் பதிவானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

சளிக்காய்ச்சல், கொப்புளிப்பான் போன்றவை ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவன. மழைக்கு அடைத்த வகுப்பறை அவற்றுக்கு வசதி. இங்குள்ள முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தை ஒட்டியது. அம்மாதமோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. பிள்ளைகள் வகுப்பில் கூடும் காலம் ஓராண்டு மாரியோடு பொருந்தும், சில ஆண்டு கழித்து விலகும். ஆகவே இந்த ஊர்களில் நோய்க் கணக்கைப் பார்ப்பவர்கள் மழையளவோடு பாடசாலை நாட்காட்டியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.