1344இல் ஒரு திடீர் ட்ரிப்: வழி காட்டியது யார், சோறு போட்டது யார், சுமந்தது யார்?

வட்ஸ்அப் குரூப் போட்டுப் பிளான் பண்ணுகிற ட்ரிப் நடக்காது, திடீரென்று கிளம்புகிற ட்ரிப்தான் நடக்கும் என்று நம்ம பொடியன்மார் சொல்வார்கள். தெஹியோவிட்டயில் இருப்பவர்களுக்கு அது லேசும்கூட. ஹட்டன் வீதி ஊருக்குள்ளால்தான் போகிறது. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து ஒரு வானைப் பிடித்தால் கரவனல்லை, எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேன என்று ஏறி, நடுச்சாமத்தில் நல்லதண்ணியில் தேத்தண்ணி குடிக்கலாம். இப்போது இத்தாலியில் வேலை செய்கிற நம்ம நாட்டுப் பிள்ளைகள் மிலானோவில் இருந்து ரோமாபுரி வரைக்கும் காரில் போய் வீடியோ போடுகிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு எழுத வந்தது வேறொரு ட்ரிப்பைப் பற்றி. அதுவும் திட்டமில்லாதது, கூட்டாளிமாரோடு போனது. நடந்து 680 வருஷம் ஆகிறது. போன ஆள் இப்னு பதூதா. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் படிக்கிற நாளில் எங்களுக்கு வரலாறு எடுத்த விரிவுரையாளர் ஒருவர் சொல்வார்: "பயணக் குறிப்பு எதையாவது வாசித்தால், போனவர் என்ன பார்த்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். வழி காட்டியது யார்? சோறு போட்டது யார்? சாமான் சுமந்தது யார்?" அந்த மூன்று கேள்வியோடுதான் நான் இப்னு பதூதாவின் இலங்கைப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

கதை இதுதான். மொரோக்கோவின் தன்ஜா நகரத்தில் பிறந்தவர் இப்னு பதூதா. மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு, அங்கே மனஸ்தாபம் முற்றியதால் 1344 ஆகஸ்ட் கடைசியில் கப்பல் ஏறினார். போக நினைத்தது மஃபர், அதாவது இன்றைய தமிழ்நாட்டுக் கரை. மூன்று நாள் ஓட்டம். மாலுமிக்கு வழி பிடிபடாமல் ஒன்பது நாள் கடலில் அலைந்து, கடைசியில் கண்ணில் பட்டது ஒரு மலை. வானத்துக்கு எழும்பிய புகைத் தூண் போல இருந்தது என்று சொல்கிறார். அதுதான் ஸரன்தீப் மலை, நாம் சொல்கிற பாவா ஆதம் மலை.

கரை இறங்க மாலுமிகளுக்குப் பயம். இது ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு, அவரிடம் கொள்ளைக் கப்பல்கள் இருக்கின்றன என்று தடுத்தார்கள். காற்றும் எழும்பி விட்டது. "என்னை இறக்கி விடுங்கள், நான் பேசி அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று இப்னு பதூதா தனியாக இறங்கினார். அவர் மன்னரைச் சந்தித்த 'பத்தாலா' என்ற ஊர் புத்தளம் என்றே பெரும்பாலானவர்கள் கொள்கிறார்கள். கரையெல்லாம் ஆறு அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தனவாம்.

யாழ்ப்பாண இராச்சியத்தின் தமிழ் மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்களைக் காட்டி, "வேண்டியதைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்" என்றார். இப்னு பதூதா கேட்டது முத்து இல்லை. இந்தத் தீவுக்கு வந்ததில் இருந்து எனக்கு ஒரே ஆசை, ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். "அது லேசான காரியம், ஆள் சேர்த்து அனுப்புகிறோம்" என்றார் மன்னர். கப்பல் தலைவரோ, "நீங்கள் திரும்பி வரும்வரை நான் போக மாட்டேன், ஒரு வருஷம் ஆனாலும் இருப்பேன்" என்றார். அவரும் மன்னரின் விருந்தாளியாகத் தங்கினார்.

இனி மூன்று கேள்விக்கு வருவோம்.

*வழி காட்டியது யார்?*

மன்னர் சேர்த்துக் கொடுத்த ஆட்களின் கணக்கை இப்னு பதூதா சொல்கிறார்: வருஷா வருஷம் அந்த மலைக்கு யாத்திரை போகிற யோகிகள் 4 பேர், பிராமணர்கள் 3 பேர், மன்னரின் ஆட்கள் 10 பேர், உணவுப் பொருள் சுமக்க 15 பேர். மொத்தம் 32. அதற்கு மேல் இவரைப் பல்லக்கில் தூக்கிப் போக மன்னரின் அடிமைகள். வழியில் மன்னார் மண்டலி என்ற ஊரில் நோயால் பின்தங்கிக் கிடந்த ஒரு குராசான் முஸ்லிமும் சேர்ந்துகொண்டார். அந்த ஊரில் அவர் கண்ட ஒரே முஸ்லிம் அந்த ஆள்தான்.

ஒரு முஸ்லிம் காழி பாவா ஆதம் மலைக்குப் போகிறார். முன்னால் வழி தெரிந்து நடப்பது யோகிகள். அவர்களுக்கு அது புதிய பாதையே இல்லை.

*சோறு போட்டது யார்?*

மன்னார் மண்டலியில் மக்கள் விருந்து வைத்தார்கள். காட்டில் பிடித்த எருமைக் கன்று, அரிசி, நெய், மீன், கோழி, பால். பிறகு சிலாபம் என்று கருதப்படும் 'பந்தர் ஸலாவாத்'. பிறகு யானைக் காடு. பிறகு 'குனகார்' என்ற சிங்கள அரசனின் தலைநகரம். அது குருநாகல் என்று பலர் சொல்கிறார்கள், வேறு இடம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லைக்கு எல்லை அரசு மாறுகிறது, மொழி மாறுகிறது. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை.

இது இப்னு பதூதாவுக்காகப் புதிதாகச் செய்த உபசாரம் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் முந்திய ஏற்பாடு இது. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னர், இந்த மலைக்குப் போகிறவர்கள் படும் கஷ்டத்தைக் கண்டு அவர்களுக்குச் சோறு போடுவதற்காகக் கிலிமலே கிராமத்தையே எழுதிக் கொடுத்தார் என்று சூளவம்சம் சொல்கிறது. கிலிமலே எங்கே? இரத்தினபுரி மாவட்டத்தில், நம்ம சப்ரகமுவவில்தான். அந்த மன்னரின் அம்பகமுவக் கல்வெட்டும் இதே கொடையைப் பற்றிப் பேசுகிறது. நாம் ஹட்டனுக்குப் போகிற வழியில் கினிகத்தேனையைத் தாண்டும்போது அந்த அம்பகமுவவின் பக்கத்தால்தான் போகிறோம். இன்றைக்கு மலையேறுகிற பாதையில் தன்சல் போட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார்களே, அதன் வேர் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் மந்திரி தேவபதிராஜா இந்த யாத்திரைப் பாதையில் ஆறுகளுக்கு மேலால் பாலங்கள் கட்டினார். ஆக, இப்னு பதூதா 'திடீர்' என்று போக முடிந்ததற்குக் காரணம், முந்திய நூற்றாண்டுகளில் வேறு யாரோ திட்டம் போட்டு வேலை செய்து வைத்ததுதான்.

*சுமந்தது யார்?*

இந்தக் கேள்விக்கு நூலில் இருப்பது எண்ணிக்கை மட்டும். 15 பேர். ஒருவருக்கும் பெயர் இல்லை. பல்லக்குத் தூக்கிய அடிமைகளுக்கு எண்ணிக்கையும் இல்லை. மலையுச்சிக் கடைகளுக்கு இன்றைக்கும் சாமான் தோளில்தான் ஏறுகிறது. அதைத் தூக்குகிறவர்களின் பெயரும் நம்ம ஃபோட்டோக்களில் வருவதில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லும்போது நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன்.

மலைக்குப் போனவர்களுக்கு மற்ற விஷயங்கள் வாசித்ததும் சிரிப்பு வரும். அட்டையைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். மரத்திலும் புல்லிலும் இருந்து பாய்ந்து பிடிக்கும், தேசிக்காய் பிழிந்தால் விழும், மரக் கத்தியால் வழித்தெடுப்பார்கள் என்கிறார். தேசிக்காய் பிழியாமல் கவனக் குறைவாக இருந்து இரத்தம் போய் மௌத்தான பாபா கூஸி என்ற யாத்திரிகரின் பெயரில் ஒரு குகையும் இருந்ததாம். இப்போது யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அவர் வந்து இறங்கியது செப்டம்பரில். சீசன் இல்லாத காலத்தில் ஏறினால் அட்டை விடுமா?

மாணிக்கக் கல்லைப் பற்றியும் எழுதுகிறார். காணியை விலைக்கு வாங்கித் தோண்டுவார்கள், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கிடைக்கும், 100 பணத்துக்கு மேல் பெறுமதியானால் மன்னர் விலை கொடுத்து எடுப்பார், குறைந்தது கண்டெடுத்தவருக்கு. இரத்தினபுரிப் பக்கம் இன்றைக்கும் இல்லம் தோண்டுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

மலைக்கு இரண்டு பாதை. ஒன்று 'பாபா' பாதை, மற்றது 'மாமா' பாதை. நம்ம மாமா இல்லை. பாபா என்றால் ஆதம், மாமா என்றால் ஹவ்வா. மாமா பாதை லேசு, ஆனால் அதால் ஏறினால் யாத்திரை கூடாது என்பார்களாம். பாபா பாதையில் பத்துச் சங்கிலி. பத்தாவதின் பெயர் ஷஹாதத் சங்கிலி. அந்த இடத்தில் கீழே பார்த்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா தானாக வாயில் வருமாம்! இரத்தினபுரிப் பக்கத்து ஏற்றத்தில் இருந்த சங்கிலிகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த 'பாபா'தான் நம்ம வாயில் 'பாவா' ஆகி இன்றைக்கும் இருக்கிறது. சிங்களவருக்கு ஸ்ரீ பாத, தோட்டத்து மக்களுக்குச் சிவனொளிபாதம், நமக்குப் பாவா ஆதம் மலை. 2,243 மீற்றர் உயரமான ஒரே மலைதான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாரும் பாலும் தேனுமாக இருந்தார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. இப்னு பதூதாவே மறைக்கவில்லை. முந்திய காலத்தில் முஸ்லிம்களை இந்த யாத்திரைக்கு விடாமல் தடுத்தார்கள், சேர்ந்து சாப்பிட மாட்டார்கள், ஷீராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கஃபீப் வந்த பிறகுதான் வழி திறந்தது, இப்போது வீட்டுக்குள் விடுகிறார்கள், மனைவி மக்களையும் நம்பி விடுகிறார்கள் என்கிறார். குனகாருக்கு வெளியே பள்ளிவாசல் வைத்திருந்த ஷீராஸ் உஸ்மான் ஷெய்க்கின் கதை இன்னும் கடுமை. மாடு அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. சட்டப்படி மரண தண்டனை. மக்கள் அவரை மதித்ததால் உயிர் தப்பியது. பிறகு ஒரு சந்தையின் வரி வருமானத்தையும் அவருக்கே கொடுத்தார்கள். மன்னரும் மக்களும் அவரைப் போய்க் கண்டு மரியாதை செய்தார்கள். தண்டனையும் மரியாதையும் ஒரே ஊரில், ஒரே ஆளுக்கு. கூடி வாழ்வது என்பது அப்போதும் சும்மா கிடைத்த சாமான் இல்லை.

இத்தாலிக்காரர் கதையும் இங்கேதான் வருகிறது. வெனிஸ் நகரத்து மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மலையின் இரும்புச் சங்கிலிகளைப் பற்றிச் சொன்னார். இப்னு பதூதாவுக்குச் சில வருஷம் பிந்தி, புளோரன்ஸ் நகரத்துப் பாதிரியார் மரிக்னொல்லி சீனாவில் பாப்பரசரின் தூது வேலையை முடித்துத் திரும்பும் வழியில், புயலில் அடிபட்டு இங்கே கரை ஒதுங்கினார். ஒதுங்கிய துறை பேருவளை என்று கருதுகிறார்கள். அங்கே ஆட்சி செய்த கோஜா ஜஹான் என்ற முஸ்லிம், மரியாதையாகப் பேசிக்கொண்டே அவரிடம் இருந்த பொன், வெள்ளி, பட்டு எல்லாவற்றையும் பறித்துவிட்டார். ஒரே காலம், ஒரே தீவு. வழி தவறி வந்த முஸ்லிமுக்குத் தமிழ் மன்னர் பல்லக்குக் கொடுத்தார். வழி தவறி வந்த கிறிஸ்தவரை ஒரு முஸ்லிம் அதிகாரி உரித்தார். உபசாரத்துக்கும் கொள்ளைக்கும் மதம் கிடையாது, ஆளைப் பொறுத்தது. இரண்டு கதையையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பெருமையடிப்பு.

கடைசியாக ஒரு விஷயம். அந்தப் பாதம் யாருடையது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. குர்ஆன் ஆதம் நபி இறங்கிய இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. மார்க்கத்தில் கேள்வி இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். நான் பேசுவது வரலாறு. நம்மில் பலர் இன்றைக்கு அந்த மலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். யாத்திரை போவதும் போகாததும் அவரவர் விருப்பம். ஆனால் போனதே இல்லை என்பது போல மறந்துவிடக் கூடாது. "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்று யாராவது நம்ம பிள்ளையிடம் கேட்டால், கோபப்படாமல் பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு பாதை தெரிந்திருக்க வேண்டும். யோகிகள் முன்னால் நடந்து, சிங்கள அரசர்கள் வைத்த கிராமங்களில் சோறு விளைந்து, பெயர் தெரியாத 15 பேர் சுமந்து, நடுவில் ஒரு முஸ்லிம் போன பாதை. அதில் நமக்கு மட்டும் சொந்தமானது எதுவும் இல்லை. நமக்குச் சொந்தமில்லாததும் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டு மூத்தம்மா, அப்பா, பெரியவர்களில் யாராவது பாவா ஆதம் மலைக்குப் போயிருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம், எந்தப் பக்கத்தால் ஏறினார்கள், ஹட்டனாலா, குருவிட்டயாலா, பலாபத்தலயாலா? கூடப் போனது யார்? வழியில் சாப்பாடு கொடுத்தது யார்? கீழே எழுதுங்கள். நான் சேர்த்து வைக்கிறேன். அடுத்த தவணை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் பாடம்.