பாட்டு வெளியே போகும்போது பெயர் எங்கே போகிறது?



நாம் தேடித் தேடிக் கேட்ட பாடகர் ஒருவர் திடீரென்று உலகறிந்தவராகிவிட்டால் நமக்குள் ஒரு வருத்தம் எழுகிறது. 'நாங்கள் அப்போதே கேட்டோம்' என்கிறோம். இது வெறும் பொறாமையா, இதில் நியாயம் ஏதும் உண்டா? ராப் இசை முதன்முதலாக வெளியுலகுக்குப் போன வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் சிண்டி கேம்ப்பெல் என்ற இளம்பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்குமுன் புதுத்துணிக்குப் பணம் சேர்ப்பதே நோக்கம். கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருடைய அண்ணன், 'கூல் ஹெர்க்'. நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்ட, தீவைப்பில் கட்டடங்கள் எரிந்த பகுதி அது. அங்கே கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க இளைஞர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்துப் பூங்காக்களில் இந்த இசையை வளர்த்தார்கள். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அது இசைத்தட்டாக வரவில்லை. நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து ரசிகர்கள் கைமாற்றிக்கொண்டார்கள்.

1979இல் நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் மூன்று இளைஞர்களைச் சேர்த்து 'ரேப்பர்ஸ் டிலைட்' பாடலை வெளியிட்டார். அது அமெரிக்கப் பாடல் பட்டியலில் 36ஆம் இடம்வரை ஏறியது. மூவரில் ஒருவரான ஹேங்க் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடியவை பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய வரிகள். காஸின் பழைய மேடைப்பெயர் 'கேசனோவா ஃப்ளை'. அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட ஹேங்க் மாற்றவில்லை. எழுதியவரின் பெயர் பாட்டுக்குள்ளேயே ஒலித்தது. இசைத்தட்டின் உறையில் இல்லை. காசும் வரவில்லை.

அதே பாடலின் தாள அடித்தளம் 'சிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலிலிருந்து வந்தது. அதை உருவாக்கிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் உரிமை கேட்டார்கள். பாடலாசிரியர்களாக அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. அவர்களும் கறுப்பர்களே. ஆனால் அவர்களிடம் பதிவான உரிமை இருந்தது. காஸிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

பிராங்க்ஸ் ரசிகர்களின் கோபத்தை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மூவரையும் அவர்கள் பூங்கா மேடைகளில் கண்டதில்லை. வரிகள் யாருடையவை என்பதோ நன்றாகத் தெரியும். இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பாட்டு திறந்த வழியில்தான் பிராங்க்ஸ் குழுக்கள் இசைத்தட்டுக்கு வந்தன. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் குழுவே அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தில் சேர்ந்தது. 'நம்மோடு மட்டும் இரு' என்று கலைஞனிடம் சொல்வது, 'ஏழையாகவே இரு' என்று சொல்வதாகவும் ஆகிவிடும்.

ஆகவே முதலில் கேட்டதால் நமக்குப் பாட்டின்மீது உரிமை வந்துவிடாது. ஒரு பொறுப்பு வருகிறது. இன்று ராப் வரலாற்றை எழுதுவோர் காஸின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள். நிறுவனத்தின் ஆவணம் அதைக் காப்பாற்றவில்லை. அன்று கூட்டத்தில் நின்றவர்களின் நினைவும், கைமாறிய ஒலிநாடாக்களும், காஸின் விடாத குரலும்தான் காப்பாற்றின.

நம்மிடமும் இது நடந்தது. 2018இல் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் கானாவும் ராப்பும் சேர்ந்து சாதியைக் கேள்வி கேட்டன. அந்த மேடையில் நாம் கேட்ட அறிவு, 2021 மார்ச்சில் தீயுடன் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' வழியாக உலகெங்கும் கேட்கப்பட்டார். அதே ஆகஸ்டில் அந்தப் பாடலையும் கொண்டாடிய 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அவர் இல்லை. ரசிகர்களும் கலைஞர்களும் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அவரை முகப்பில் வைத்து அந்த இதழ் ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. காஸுக்குப் பல ஆண்டுகள் ஆனது இங்கே சில நாட்களில் நடந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் சாட்சியாக நின்றதுதான்.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் சாவு வீட்டில் பாடுபவரையும் பறை அடிப்பவரையும் பதிவு செய்யுங்கள். தேதியைக் குறியுங்கள். எழுதியவர், இசைத்தவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பாட்டு நாளை எங்கு போனாலும் அந்தக் குறிப்பு தேவைப்படும்.