நெடுங்கோட்டையும் எட்டு லட்சமும்



தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குள் நுழைவோர் சங்கு முத்திரை தாங்கிய வளைவு ஒன்றைக் காண்பர். எங்கள் ஊர் திருவிதாங்கூரோடும், 1949க்குப் பின் திரு-கொச்சியோடும் இணைந்திருந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அச்சிறு நாடு தன்னைக் காத்துக்கொண்ட விதம் காலந்தோறும் மாறியது.

1741இல் மார்த்தாண்ட வர்மர் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். சரணடைந்த டி லனாய் என்னும் தளபதி அம்மன்னரிடமே ஊழியம் ஏற்று, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்தார். உதயகிரிக் கோட்டையைச் செப்பனிட்டார். வென்றவன் தோற்றவனிடம் பாடம் கேட்டான் என்பதே அப்போரில் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அடுத்து வந்த தர்மராஜா காலத்தில் வடக்கெல்லைக்கு நெடுங்கோட்டை அரணாக நின்றது. மதிலும் அகழியுமாக ஏறத்தாழ 30 மைல் நீண்ட வரிசை அது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அங்கே முறிந்தது; மறு ஆண்டு பீரங்கிகள் அதனைப் பிளந்தன. பெரியாற்று வெள்ளமும், கிழக்கே கும்பினியார் தொடுத்த போரும் சுல்தானைத் திருப்பி அழைத்திராவிடின் நாட்டின் கதி என்னவாகியிருக்கும்?

அந்த அச்சத்திலிருந்தே 1795ஆம் ஆண்டு உடன்படிக்கை பிறந்தது எனலாம். பகைவர் வந்தால் கும்பினியார் காப்பர்; அவர்தம் படைச் செலவை மன்னர் தருவார். அரணை விட்டு, பணத்தால் பாதுகாப்புத் தேடிய காலம் இது. மன்னரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி எது? ஆனால் அயலார் படைக்குக் கொடுத்துக் கொடுத்துக் கருவூலம் வற்றியது. சொந்தப் படையினரின் படியைக் குறைக்க முனைந்தபோது, 1804இல் நாயர் படை கலகம் செய்தது. அக்கலகத்தையே காரணம் காட்டி, 1805இல் கும்பினியார் புதிய உடன்படிக்கையை வற்புறுத்திப் பெற்றனர். ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். போதாக்குறைக்கு உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடும் உரிமையும்.

அதற்கு இசைந்த தளவாய் வேலுத்தம்பியே, பாக்கிப் பணத்துக்கான நெருக்கடி முற்றியபோது, கும்பினியாரை எதிர்த்து எழுந்தார். 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. படை கலைக்கப்பட்டது; அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்குமாகச் சிறு பிரிவே எஞ்சியது. அதுவே பின்னாளில் ஆங்கில அதிகாரிகளின் கீழ் நாயர் பிரிகேடாக உருப்பெற்றது.

1947 ஜூனில் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் தனிநாடு என அறிவித்ததும், ஜூலை முடிவதற்குள் மன்னர் இந்தியாவோடு இணைய இசைந்ததும் பலரும் அறிந்தவை. பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையும் இந்தியப் படையில் கலந்து, 1954இல் சென்னை ரெஜிமெண்டின் 9ஆம் பட்டாலியனாயிற்று.