பழைய பென்ஸ் வாங்கப் போகிறீர்களா? பெயிண்டுக்கு முன் கிராண்டைப் பாருங்கள்

பட்டர்வொர்த், மாக் மண்டின் பகுதியில் கார்ப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஏதாவது ஒரு பட்டறை வாசலில் 'விற்பனைக்கு' என்ற அட்டையோடு பழைய மெர்சிடிஸ் பென்ஸ் பளபளவென்று நின்றால், நம்மவர்கள் பலருக்குக் கால் நகராது. கல்யாண மாப்பிள்ளை வந்து இறங்கிய கார் அது. ஒரு காலத்தில் வெளியூர் டாக்சியாக ஓடியதும் அதுதான். ஆசைப்படுவதில் தவறில்லை. முன்பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

இன்று அதிகம் கைமாறும் பழைய பென்ஸ்களில் ஒன்று 'டபிள்யூ 123'. 1976 தொடக்கத்தில் ஜெர்மனியில் அறிமுகமாகி, பத்தாண்டுகளில் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் தயாரிக்கப்பட்டன. மலாயாவில் பென்ஸ் விற்பனை உரிமையை 1951-இல் பெற்ற சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனமே இங்கு இவற்றையும் விற்றது. பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்படும்வரை, தீவுக்குப் போன கார்கள் பெர்ரியில் ஏறித்தான் போயின. கடல்காற்றுக்குப் பக்கத்திலேயே வயதான கார்கள் இவை என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் கிராண்ட். அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா? "அப்பா காருங்க, அவர் தவறிட்டார்" என்று மகன் விற்க வந்தால், அங்கேயே நிதானியுங்கள். இறந்தவர் பெயரில் உள்ள காரை வாரிசு கையெழுத்துப் போட்டு மட்டும் மாற்றிவிட முடியாது. அமானா ராயா, நில அலுவலகம், நீதிமன்றம் இவற்றில் ஒன்றின் மூலம் வாரிசு ஆணை பெற்ற பிறகே ஜே.பி.ஜே. பெயர் மாற்றும். அதற்கு முன் முழுப் பணமும் கொடுத்தால், கார் உங்கள் வீட்டில் நிற்கும், சட்டப்படி உங்களுடையதாகாது. விற்கும் குடும்பத்துக்கும் இதையே சொல்வேன்: ஆணையை முதலில் வாங்குங்கள், நல்ல விலையும் கிடைக்கும்.

அடுத்து எண்கள். பெயர் மாற்றத்துக்கான 'பி5' சோதனையில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போக வேண்டும். பழைய பென்ஸ்களில் ஹாஃப்-கட் எஞ்சின் மாற்றியவை உண்டு. அந்த மாற்றத்தை ஜே.பி.ஜே.யில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 230இ காரில் அசல் எஞ்சின் என்றால் எண் 102 என்று தொடங்கும்.

துருதான் இந்தக் காரின் எமன். ஜாக் வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகள், பேட்டரித் தட்டின் அடி, ஸ்பேர் டயர் குழி எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். சாதாரண காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். தகரத்தில் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருப்பார்கள். புதுப் பெயிண்ட் அடித்த காரைவிட, மங்கிய பழைய பெயிண்ட் உள்ள கார் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய் நில்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. டீசல் கார் என்றால் ஒரு வேடிக்கை உண்டு: சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வேக்குவம் குழாயில் கசிவு இருக்கலாம். கதவுப் பூட்டுகளும் அதே வேக்குவத்தில்தான் வேலை செய்கின்றன. ஏர்கோன் முதலில் ஆர்-12 வாயுவுக்காகச் செய்யப்பட்டது. மாற்றிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலை வரியையும் கணக்கில் சேருங்கள். தீபகற்பத்தில் தனியார் பெட்ரோல் காருக்கான விகிதப்படி, 2,299 சிசி கொண்ட 230இ காருக்கு ஆண்டுக்கு 679 ரிங்கிட். 2,746 சிசி கொண்ட 280இ என்றால் 1,495 ரிங்கிட். இவ்வளவு பழைய காருக்கு முழுக் காப்புறுதி தரப் பல நிறுவனங்கள் தயங்கும். காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் காப்புறுதி கிடைக்குமா என்று, விலை பேசுவதற்கு முன்பே முகவரிடம் கேட்டுவிடுங்கள்.