கொக்கோக் காசும் மாட்டுக் காசும்

சுதந்திரமடைந்த நாடுகளில் சிலது ஜனநாயகமாகவும் சிலது சர்வாதிகாரமாகவும் போனது ஏன் எண்டு கேட்டால், வழக்கமாக வருகிற பதில் ஒன்று இருக்கு: படிப்பும் பணமும் இருந்த நாடு தப்பிச்சுது, இல்லாதது விழுந்தது. நாங்கள் இதை நம்புவதில்லை. கானாவையும் பொட்ஸ்வானாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

1957 மார்ச் 6 இல் சுதந்திரம் பெற்றபோது கானாதான் உலகத்திலேயே கூடுதலாகக் கொக்கோ விளைவித்த நாடு. சட்டத்தரணிகள், பத்திரிகைகள், பல்கலைக்கழகக் கல்லூரி எல்லாம் இருந்தன. 1966 செப்டம்பர் 30 இல் சுதந்திரம் பெற்ற பொட்ஸ்வானாவில் இருந்தது மாடும் வரட்சியும். தார் வீதி எண்டு சொல்ல ஒரு சில கிலோமீற்றர்தான். ஆனால் ஏழே வருடத்தில் ஒரு கட்சி நாடாக மாறியது கானா.

நிக்ருமா கெட்டவர், செரெட்சே காமா நல்லவர் எண்டு முடித்துவிடலாம்தான். அதுக்கு முதல் நிக்ருமாவின் கைக்கு என்ன வந்து சேர்ந்தது எண்டு பார்க்க வேணும். பிரித்தானியர் 1947 இல் கொக்கோ சந்தைப்படுத்தல் சபை ஒன்றை அமைத்திருந்தார்கள். விவசாயி அதுக்குத்தான் விற்கலாம், விலையையும் அதுவே தீர்மானிக்கும். உலகச் சந்தையில் வருகிற மிச்சம் சபையிடம் தங்கும். யார் ஆட்சிக்கு வருகிறாரோ பெட்டகமும் அவருக்கு.

1954 இல் உலக விலை உச்சத்தில் நிற்க, நிக்ருமா அரசாங்கம் விவசாயிக்கு ஒரு சுமைக்கு 72 ஷிலிங் எண்டு நான்கு வருடத்துக்குக் கட்டிப்போட்டது. கொக்கோ விளைகிற அசாந்திப் பகுதி கொதிச்சுது. குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் உருவாகி சமஷ்டி கேட்டது. (சமஷ்டி எண்டால் பிரிவினை எண்டு காதில் விழுகிற வியாதி கொழும்புக்கு மட்டும் உரியதில்லை.) இரண்டு பக்கமும் அடிதடி, குண்டுவீச்சு. அரசின் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை.

அந்தப் பயத்தோடுதான் 1958 இன் தடுப்புக்காவல் சட்டம் வந்தது: வழக்கில்லாமல் ஐந்து வருடம். எங்கட வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதில் உள்ளே போனவர்களில் ஒருவர் ஜே. பி. டன்குவா. 1948 இல் பிரித்தானியர் அவரையும் நிக்ருமாவையும் ஒன்றாகத்தான் பிடித்து அடைத்தார்கள். 1960 ஜனாதிபதித் தேர்தலில் நிக்ருமாவை எதிர்த்து நின்றவரும் அவர்தான். 1965 பெப்ரவரியில் ந்சவாம் சிறையில் செத்துப்போனார். இதுக்கு முதலே, 1963 டிசம்பரில், விருப்பமில்லாத தீர்ப்பு வந்ததற்காகப் பிரதம நீதியரசரையே நிக்ருமா நீக்கியிருந்தார். எதிர்க்கட்சியும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில் அவரை நிறுத்த மிஞ்சியது இராணுவம்தான். 1966 பெப்ரவரி 24 இல் அது நிறுத்தியது.

1965 தேர்தலில் காமாவின் கட்சிக்கு 31 இல் 28 ஆசனம். நிக்ருமா செய்ததை அவரும் செய்திருக்கலாம். ஆனால் பறிக்கப் பெட்டகம் இருக்கவில்லை. ஆட்சியில் இருந்தவர்களே மாட்டுக்காரர்கள். மாட்டு விலையைக் குறைத்தால் அடி அவர்கட வயித்தில்தான். 1977 வரை இராணுவமே இல்லை. ஒராபாவில் வைரம் கண்டது சுதந்திரத்துக்குப் பிறகு, 1967 இல். கனிய உரிமை அரசுக்கு எண்டு அதே வருடமே சட்டம் வந்தது; காமாவின் சொந்தக் குலமான பமங்வாட்டோவும் தன் உரிமையை விட்டது. ‘க்கோட்லா’ எண்ட ஊர்க்கூட்டத்தில் தலைவரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிற பழக்கமும் இருந்தது. முன்னைய காலத்தில் அங்கே பெண்களுக்குப் பேச இடமில்லை எண்டதையும் சொல்ல வேணும். கலஹாரியிலிருந்து சான் மக்களை வெளியேற்றியதும் இந்த ஜனநாயகம்தான். 2006 இல் நீதிமன்றம் அதைப் பிழை எண்டது.

58 வருடம் ஒரே கட்சிதான் பொட்ஸ்வானாவை ஆண்டது. கானாவிலோ 1992 அரசியலமைப்புக்குப் பிறகு, 2000 தேர்தலிலேயே ஆட்சி வோட்டால் மாறியது. வென்றது டன்குவாவின் வழிவந்தவர்கள் எண்டு சொல்லிக்கொள்கிற கட்சி. 2024 இல் இரண்டு நாட்டிலும் சில வார இடைவெளியில் ஆளுங்கட்சி தோற்றது. பொட்ஸ்வானாவுக்கு அது முதல் தடவை.