தொழிற்சாலை மழைநீரும் சுயசாட்சியமும்: கலிபோர்னியா ஆணை குறித்து ஓர் ஆராய்ச்சி

தொழிற்சாலையின் கழிவுக்குழாய் வழியே ஆற்றில் கலக்கும் நீரைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவருவது ஒப்புநோக்க எளிய காரியமே. குழாய்க்கு உடையவர் உண்டு, அதில் எந்த வேளையில் எவ்வளவு நீர் வரும் என்பதும் ஏறத்தாழ நிச்சயம். துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலும், லாரிகள் நிற்கும் முற்றத்திலும், குவித்துவைத்த பழைய இரும்பின் மீதும் பெய்து, அங்குள்ள எண்ணெயையும் துருவையும் நுண்மணலையும் வாரிக்கொண்டு வடிகாலில் இறங்கும் மழைநீரோ காலமும் அளவும் முன்கூட்டி அறியவொண்ணாதது. அமெரிக்கக் காங்கிரஸ் 1972-இல் தூய நீர்ச் சட்டத்தை இயற்றிய பின்னும், இந்நீருக்கெனத் தனிவிதி வகுக்க 1987-ஆம் ஆண்டின் திருத்தம் வரையிலும், அதற்குரிய ஒழுங்குமுறைகளை வெளியிட 1990 வரையிலும் காத்திருக்க நேர்ந்ததற்கு இதுவே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கலிபோர்னியா மாநில நீர்வள வாரியம் 2014-இல் நிறைவேற்றி, 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்த தொழிற்சாலை மழைநீர்ப் பொது ஆணை, இந்த அநிச்சயத்தை விதிகளால் கட்ட முயன்ற ஒரு விசேஷமான சாசனம். ஜூலை முதல் டிசம்பர் வரை இரண்டு, ஜனவரி முதல் ஜூன் வரை இரண்டு என ஆண்டுக்கு நான்கு மழைகளில் மாதிரி எடுக்க வேண்டும். முந்தைய 48 மணி நேரம் ஆலையின் எப்பகுதியிலிருந்தும் நீர் வெளியேறாதிருந்தால்தான் அது தகுதியுடைய மழை. வெளியேற்றம் தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள், இரவில் பெய்திருந்தால் காலையில் வேலை தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள், மாதிரி சீசாவில் அடைபட்டிருக்க வேண்டும். பரிசோதனைச்சாலையின் முடிவு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதை வாரியத்தின் மின்பதிவேட்டில் ஏற்றுதல் கடமை. ஆண்டறிக்கைக்குக் கெடு ஜூலை 15. கோடை முழுதும் வறண்டு, அக்டோபருக்குப் பின்னரே மேகம் திரளும் அந்நாட்டில், முதல் அரையாண்டின் இரு மழைகளைப் பிடிப்பது எத்துணை அரிது என்பதை மழைக்கணக்கு அறிந்தோர் உணர்வர்.

இவ்வாணையின் நுட்பம் எண்களை அது கையாளும் முறையில் இருக்கிறது. நீரில் தொங்கிநிற்கும் திண்மம் ஆண்டுச் சராசரியாக லிட்டருக்கு 100 மில்லிகிராம், எண்ணெயும் கொழுப்பும் 15, துத்தநாகம் 0.26 என்று நடவடிக்கை மட்டங்களை விதித்துவிட்டு, இவற்றைத் தாண்டுவது தன்னளவில் சட்டமீறல் ஆகாது என்றும் அது அறிவித்தது. தாண்டிய ஆலை முதல் நிலைக்கு ஏறும். தகுதிபெற்ற நிபுணரைக் கொண்டு அக்டோபர் முதல் தேதிக்குள் காரணம் ஆராய்ந்து, ஜனவரி முதல் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும். மீண்டும் தாண்டினால் இரண்டாம் நிலை. குற்றமாவது இக்கடமைகளைச் செய்யாது விடுதலே. ஒரு மழையின் ஒரு கணத்தில் முகந்த நீர் ஆலையின் முழுச் சரித்திரத்தையும் கூறாது என்ற விஞ்ஞான உண்மையைச் சட்டம் தானே ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் இது.

ஆனால் நியாயஸ்தலத்தின் போக்கு வேறு. கழிவுநீர் வெளியேற்றம் தொடர்பான சியரா கிளப் – யூனியன் ஆயில் வழக்கில், தன் அறிக்கையிலிருந்த மிகை எண்கள் மாதிரி எடுத்ததில் நேர்ந்த பிழையால் வந்தவை என்று கம்பெனி வாதித்தபோது, ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987-இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. தானே கையெழுத்திட்டு அளித்த அறிக்கையைத் தானே பொய்யெனல் இயலாது என்பது தீர்ப்பின் சாரம். சுயகண்காணிப்பின் மீது நிற்கும் ஓர் ஏற்பாட்டுக்கு இது அவசியமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருப்பினும், 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 60 நாள் முன்னறிவிப்புடன் எந்தப் பிரஜையும் வழக்குத் தொடுக்க இடமளிப்பதாலும், மின்பதிவேடு யாவர்க்கும் திறந்திருப்பதாலும், மட்டத்தைத் தாண்டிய எண்கள் மட்டுமே மீறல் ஆகாவிடினும், கட்டுப்பாடுகள் போதாமைக்குச் சாட்சியமாக வழக்குகளில் வந்து நிற்கின்றன. நான்கு மழையையும் விழித்திருந்து பிடித்தவன் தனக்கெதிரான பிரமாணத்தைத் தானே சேகரித்துத் தருகிறான். ஆணையின் கீழ்ப் பதிவே செய்யாத பக்கத்து முற்றத்துக்காரனோ ஏட்டில் இல்லை. எண்களின் துல்லியம் பற்றி நிபுணர்கள் இடும் சச்சரவெல்லாம், இந்த அநீதியின் முன் இரண்டாம்பட்சமானதே.

பதிவுசெய்தும் மாதிரி எடுக்காதோரின் மௌனத்தைச் சோதிக்கும் வழி இல்லாமலும் இல்லை. மழை பொதுவான சம்பவம். அருகிலுள்ள மழைமானியின் கணக்கு அரசாங்கத்திடமே உண்டு. தகுதியுடைய மழை பெய்யவில்லை என்று ஆண்டறிக்கையில் விளக்கம் எழுதும் ஆலையின் கூற்றை அக்கணக்கோடு ஒப்பிடுவது ஒரு குமாஸ்தா செய்யத்தக்க வேலை. பாதுகாப்பற்ற வானிலையில் மாதிரி எடுக்க வேண்டியதில்லை, வேலைநேரத்துக்குப் புறம்பே எடுக்க வேண்டியதில்லை என்ற விலக்குகள் நியாயமானவையே எனினும், அவையே ஆண்டுதோறும் அதே ஆலைக்கு அடைக்கலம் ஆகும்போது, அங்கு நேரில் செல்வது வாரியத்தின் கடமையாகிறது.

பதிவே செய்யாதோரைப் பொறுத்தமட்டில், 2019-இல் மாநிலச் சட்டசபை இயற்றிய 205-ஆம் எண் மசோதா 2020 ஜனவரி முதல் ஒரு கதவைத் திறந்தது: நகரத்திலோ கவுண்டியிலோ தொழில் உரிமம் பெறவும் புதுப்பிக்கவும் வருவோர், ஆணைக்கு உட்பட்ட தொழிலாயின், மழைநீர்ப் பதிவின் அடையாள எண்ணைக் காட்ட வேண்டும். நோக்கம் செம்மையானது, ஆயினும் தன் தொழில் எவ்வகையைச் சார்ந்தது என்று கூறுவதும் விண்ணப்பதாரரே ஆதலின், இங்கும் சாட்சி அவரே. உரிம அலுவலகத்தின் பட்டியலையும் வாரியத்தின் ஏட்டையும் ஒப்பிட்டு, இரண்டிலொன்றில் மட்டும் காணும் ஆலைகளை முதலில் தேடிச்செல்வதும், பதிவுசெய்தவரின் மிகை எண்ணை அதற்குப் பின்னர் விசாரிப்பதுமே முறையான வரிசை.