கல்வராயன் மலைப்பாதையில் தாழ்ந்த டயர்: ‘கோல்டன் கார்’ கணக்குக்கு ஒரு மறுவாசிப்பு

காரின் டயர் புரொஃபைலைத் தாழ்த்தினால் பயணச் சொகுசு சற்றுக் குறையும், வளைவுகளில் கட்டுப்பாடு கூடும் என்பது வாகன இயக்கவியலில் நெடுநாளாக நிலைத்துவிட்ட முடிவு. இதன் முதல் பாதி இழப்பைக் குறைத்துச் சொல்கிறது. இரண்டாம் பாதி மலைப்பாதைக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் நிறுவ, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையைக் களமாகக் கொள்கிறேன். புதிய அளவீடு எதையும் முன்வைக்கவில்லை. எல்லோர் கையிலும் இருக்கும் ஒரு கணக்கு எப்படி வாசிக்கப்பட்டிருக்கிறது என்பதே இங்கு வழக்கு.

ஒப்பீட்டுக்கு, 2018-இல் வெளிவந்த மாருதி சுசூகி ஸ்விஃப்ட் வசதியானது. அந்நிறுவனமே அதை 165/80 ஆர்14, 185/65 ஆர்15 என இரு டயர் அளவுகளில் விற்றது. முதலாவதன் பக்கச்சுவர் 132 மி.மீ., இரண்டாவதன் பக்கச்சுவர் 120 மி.மீ. கடைகளில் பெரிய அலாய் வீலோடு மாட்டிக்கொள்ளும் 195/55 ஆர்16-இல் இது 107 ஆகிறது. 205/45 ஆர்17-இல் 92. நான்கின் மொத்த விட்டமும் 616 முதல் 622 மி.மீ.க்குள் அடங்கிவிடுவதால் ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம் ஆகியவற்றின் மேல் பழி போட வழியில்லை. (ரிம்மை மாற்றாமல் 185/55 ஆர்15 மாட்டுவது வேறு கதை. விட்டம் 37 மி.மீ. குறைந்து, தரை இடைவெளியும் 18 மி.மீ.க்கு மேல் போய்விடும். அதை இங்கு விட்டுவிடுகிறேன்.)

இனி அந்தக் கணக்கு. சாலையின் மேடுபள்ளத்தைச் சொல்லும் ஐ.ஆர்.ஐ. எண், 1982-இல் பிரேசிலில் நடந்த பன்னாட்டுச் சோதனையிலிருந்து உருவாகி, 1986-இல் உலக வங்கியின் தொழில்நுட்ப அறிக்கைகளாக வெளிவந்தது. அதன் உள்ளே ‘கோல்டன் கார்’ எனப்படும் ஒரு கற்பனைக் கால்பங்கு வண்டி இருக்கிறது. வண்டி உடலின் எடையை 1 என வைத்தால், டயரின் விறைப்பு 653, ஸ்பிரிங்கின் விறைப்பு 63.3, ஷாக் அப்சார்பரின் தணிப்பு 6, சக்கரத் தொகுதியின் எடை 0.15. வேகம் மணிக்கு 80 கி.மீ. புரொஃபைல் பற்றிய வாதங்களில் ஒரு சாரார் இந்த வண்டியையே எடுத்து, டயர் விறைப்பை மட்டும் கூட்டிப் பார்த்து, சொகுசில் பெரிய மாற்றமில்லை என்கிறார்கள்.

அவர்களுடைய பெருக்கலில் பிழையில்லை. டயர் விறைப்பு 20 விழுக்காடு கூடுவதாக வைத்துக்கொள்வோம். உடலின் இயல்பு அதிர்வெண் 1.21 ஹெர்ட்ஸிலிருந்து 1.22-க்கு நகர்கிறது, ஒரு விழுக்காடுகூட இல்லை. சக்கரம் துள்ளும் அதிர்வெண் 11-லிருந்து 12 ஹெர்ட்ஸ் ஆகிறது. மென்மையான ஸ்பிரிங்கும் விறைப்பான டயரும் தொடராக நிற்கும்போது உடலின் அசைவை ஸ்பிரிங்தான் ஆளும். ஆகவே டயர் அற்பம் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றும்படியே அந்த மாதிரி அமைந்திருக்கிறது என்பதுதான் என் மறுப்பு.

முதலில் வேகம். 80 கி.மீ. வேகத்தில் 11 ஹெர்ட்ஸ் துள்ளலைக் கிளப்புவது ஏறத்தாழ 2 மீட்டர் அலைநீளமுள்ள மேடுபள்ளம். ஐ.ஆர்.ஐ. கூர்மையாக உணரும் அலைநீளங்கள் 2.4 மீட்டர், 15 மீட்டர் ஆகியவற்றை ஒட்டியவை. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலைக்கு இது சரி. வெள்ளிமலை ஏற்றத்தில் வண்டி 30 கி.மீ.யில் போகிறது என்றால், அதே துள்ளலைக் கிளப்புவது முக்கால் மீட்டர் அலைநீளம். பஞ்சர் போட்ட தார், பெயர்ந்த ஜல்லி, குறுக்கே வெட்டி மூடிய பள்ளம் எல்லாம் இந்த அளவில்தான் வருகின்றன. ஐ.ஆர்.ஐ.யின் செவி அங்கே மந்தம். நல்ல எண் பெற்ற மலைச்சாலை முதுகை உலுக்குவதில் வியப்பில்லை.

வேகத்தைத் திருத்திக் கணக்கை மீண்டும் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் 250 மி.மீ. அப்படியே நிற்கும். கோல்டன் காருக்குள் சாலை நுழையுமுன் 250 மி.மீ. நீளத்துக்குச் சராசரியாக்கி வழவழப்பாக்கப்படுகிறது. டயர் சிறு கற்களையும் விளிம்புகளையும் தன்னுள் வாங்கி மூடிக்கொள்ளும் குணத்துக்கு மாற்றாக வைத்த ஏற்பாடு அது. எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கிய கார் மீண்டும் தார் விளிம்பில் ஏறுகிறது. அந்தப் படி 40 மி.மீ. என்க. சராசரியாக்கியதும் அது 250 மி.மீ. நீளமுள்ள சாய்தளமாகிவிடுகிறது. பத்து செ.மீ. அகலமுள்ள 40 மி.மீ. மேடு 16 மி.மீ.யாகச் சுருங்குகிறது. 132 மி.மீ. பக்கச்சுவருக்கும் 92 மி.மீ. பக்கச்சுவருக்கும் ஒரே சலுகை! புரொஃபைல் தாழும்போது முதலில் பறிபோவது எதுவோ அதையே மாறிலியாக்கிவிட்டு, பிறகு புரொஃபைலால் மாற்றமில்லை என்று முடிவு சொல்வது சுற்றிவந்து நிற்கும் வாதம்.

மூன்றாவது குறை இதனினும் பெரிது. அந்த மாதிரியின் டயர் ஒரு நேர்கோட்டு ஸ்பிரிங். எவ்வளவு அமுக்கினாலும் அடிதட்டாது. உண்மையில் ரிம் விளிம்பின் உயரம் சுமார் 17 மி.மீ. போனால் 185/65-இல் மிஞ்சும் மெத்தை ஏறக்குறைய 103 மி.மீ., 205/45-இல் 75. அது தீர்ந்ததும் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிய ரப்பர் மட்டுமே. பஞ்சர் கடைக்கு வரும் ‘ரிம் பெண்ட்’, நூல் அறுந்து வீங்கிய பக்கச்சுவர் எல்லாம் இந்த அடிதட்டலின் தடயங்கள். இவற்றைச் சொகுசுக் கணக்கில் சேர்க்காமல் பராமரிப்புச் செலவில் தள்ளிவிடுவது ஏற்புடையதாக எனக்குத் தோன்றவில்லை.

கட்டுப்பாடு பற்றிய பாதிக்கு வருவோம். தாழ்ந்த பக்கச்சுவர் பக்கவாட்டில் குறைவாக நெளிகிறது. ஸ்டியரிங் திருப்பியதும் பக்கவிசை விரைந்து எழுகிறது. இதை மறுக்கவில்லை. கேட்க வேண்டியது, மலையில் அதற்கு வேலை உண்டா என்பதே. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 52 விதி, கொண்டை ஊசி வளைவுக்கு உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வேகம் 20 கி.மீ. என்கிறது. அங்கே எழும் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.22 பங்கு. காய்ந்த தாரில் எந்த நல்ல டயரும் இதைப் போல மூன்று மடங்கு தாங்கும். பக்கவிசை முழுமையாக எழ டயர் உருள வேண்டிய தொலைவு அரை மீட்டரிலிருந்து 0.4 மீட்டராகக் குறைகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், 30 கி.மீ. வேகத்தில் மிச்சமாகும் நேரம் 12 மில்லிவினாடி. ஓட்டுநரின் கை அதை அறியாது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. முக்கால் மீட்டர் அலைகளில் சக்கரம் துள்ளும்போது, பாரம் இழந்த டயர் பக்கவிசையை மீட்க எடுக்கும் அரை மீட்டர் சிறிய தொலைவன்று. அதைக் குறைக்கும் தாழ்ந்த டயர் கரடுமுரடான வளைவில்தான் கூடுதலாக உதவும் என்பது. மதிக்கத்தக்க வாதம். ஆனால் அதே டயர்தான் பார ஏற்றத்தாழ்வையும் பெருக்குகிறது. பாரம் கூடும் அளவுக்குப் பக்கவிசை கூடுவதில்லை. எனவே ஏறியிறங்கும் பாரம் சராசரிப் பிடிமானத்தைக் குறைத்தே தீரும். சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணத்தில் மீட்புத் தொலைவு எவ்வளவு என்பதற்குப் பொருளே இல்லை. கோல்டன் காரின் சக்கரமோ தரையை விட்டு எழுவதே இல்லை. தேவைப்பட்டால் சாலையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்! இரண்டில் எது மிஞ்சும் என்பது சாலைக்குச் சாலை மாறக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில், மண் வழிந்த வளைவில், இறக்கத்தில் பிரேக் போட்டுத் திரும்பும் காருக்கு எது மிஞ்சும் என்பதில் எனக்கு ஐயம் குறைவு.

காற்றைக் குறைத்து ஓட்டினால் போதும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 195/55 ஆர்16-இன் வழக்கமான பாரக் குறியீடு 87, அதாவது டயருக்கு 545 கிலோ. 185/65 ஆர்15-க்கு அது 88, 560 கிலோ. ஏற்கெனவே சற்றுக் குறைந்த தாங்குதிறனிலிருந்து காற்றையும் எடுப்பது அடிதட்டலை வரவேற்பதாகும். சாலையைச் சீராக்கினால் பிரச்சினை தீரும் என்பது உண்மை, ஆனால் அது டயர் பற்றிய விடையன்று.

மலைக்கு மக்களையும் மரவள்ளியையும் ஏற்றியிறக்கும் பொலேரோ வகை வண்டிகளின் 215/75 ஆர்15 டயருக்கு 161 மி.மீ. பக்கச்சுவர். அதைச் சரக்கு வண்டியின் முரட்டுத்தனம் என்று ஒதுக்குவது வழக்கம். அந்தப் பாதையின் அலைநீளங்களுக்கு அது பொருத்தமான அளவு என்றே வாசிக்க வேண்டும். தினமும் வெள்ளிமலை போய்வரும் ஆசிரியரோ செவிலியரோ 15 அங்குல ஸ்விஃப்ட் வைத்திருந்தால், அவர் பார்க்க வேண்டிய திசை 16 அங்குலம் அன்று. பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்று சரிபார்த்தபின், அதே நிறுவனம் அதே காருக்குத் தந்த 165/80 ஆர்14-ஐ மாட்டலாம். விட்டம் 2 மி.மீ.தான் குறையும், மெத்தை 12 மி.மீ. கூடும்.